பேரேட்டில் பதினொரு பேர்

ஆறுமுகநயினார் இழுப்பறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டதை ஜூடி பார்த்துவிட்டாள்.

இன்றைக்கு இது மூன்றாவது தடவை.

ராயபுரத்தில், துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இலவச மருந்து தரும் சங்கம் அது. 2006-இல் பேரேட்டை மூடிவிட்டுக் கணினிக்கு மாறினார்கள். குடும்பப் பதிவுக்கான நிரலை ஜாவா கணினி மொழியில் எழுதிக் கொடுத்தவள் ஜூடி. நாலே மாதத்தில் குடும்பத்தார் எண்ணிக்கையில் பதினொரு பேர் குறைந்தார்கள். யார் யார் என்று தெரியவில்லை.

கணினியைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். அவளும், முப்பது வருடப் பேரேட்டை அதனிடம் பறிகொடுத்த இந்தக் குமாஸ்தா நயினாரும். மனிதருக்கு வயிற்றெரிச்சல் இல்லாமலா இருக்கும்?

அவரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லிச் சங்கச் செயலாளருக்கு எழுதிய கடிதம் அவள் பையில் தயாராக இருந்தது.

ஜன்னலில் சிலுவையம்மாள் மூச்சிரைக்க நின்றாள். ஆஸ்துமா. திரையில் அவள் பெயரும் இல்லை.

"எம் பேரு இல்லியா? இன்னா, நானும் செத்துப்பூட்டனா?"

ஜூடிக்குப் பொறுமை போய்விட்டது. நயினாரிடம் கையை நீட்டினாள். அவர் தயங்கித் தயங்கிச் சாவியைக் கொடுத்தார்.

உள்ளே பழைய பேரேடு. கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் பதினொரு பெயர்கள், எதிரே மாதாமாதம் கொடுத்த மருந்து. ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேலே சிவப்புக் கோடு அடித்த ஒரு ஆண் பெயர்.

"ஆளு செத்தா அவன் பேர் மேல மட்டுந்தாம்மா கோடு போடுவோம். உன் பொட்டி வூட்டோட அடிச்சிடுது."

ஜூடிக்குத் தன் நிரலின் அந்த ஒற்றை வரி ஞாபகம் வந்தது. தொழிலாளியின் பெயரைச் சேமித்தால் அவரோடு இணைந்த மனைவி மக்களும் தானாகச் சேமிக்கப்பட வேண்டும் என்று எழுதிய வரி. சேமிக்க மட்டும் என்று எழுதியிருக்கலாம். சோம்பல்பட்டு, எல்லாவற்றுக்கும் என்று எழுதிவிட்டாள். சேரும்போது கூடவே வந்தவர்கள், நீக்கும்போதும் கூடவே போய்விட்டார்கள்.

இவர் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வேலை போயிருக்கும். ஏன் சொல்லவில்லை?

பட்டியலின் முதல் பெயரைப் பார்த்தாள்.

ரோசி. ரத்தக்கொதிப்பு மாத்திரை, நாலு மாதமாக.

அதற்கு மேலே, சிவப்புக் கோட்டுக்கு அடியில், ஜார்ஜ், கிரேன் ஓட்டுநர். இறந்தவரை எப்படி நீக்குவது என்று நயினாருக்குக் காட்டித்தர, ஜூடி தன் கையாலேயே நீக்கிய அப்பா.