ஊஞ்சல் வரைக்கும்

"பொண்ணு பார்க்க வீட்டுக்கு வேண்டாம். சர்ச்சுல பூசை முடிஞ்சதும் செலுவாம்பா பார்க்குக்கு வரச் சொல்லுங்க" என்றாள் ரோசலின்.

"நம்ம வீட்டுக்கு என்ன குறைச்சல்?" என்று முணுமுணுத்தபடியே கணவர் வால்டர் டெலிபோன் பூத்துக்குப் போனார்.

ரோசலின் மகளிடம் திரும்பினாள். "ஷெர்லி, நல்ல செருப்பா போட்டுக்கோ. நடக்கவேண்டியிருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பார்க் முழுக்கக் குழந்தைகள். மாப்பிள்ளையின் அப்பா டேவிஸ், மனைவியோடும் மகனோடும் எதிர் பெஞ்சை நிறைத்து உட்கார்ந்திருந்தார். சுருமுரிப் பொரியைக் கொறித்தபடி ஷெர்லியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பொண்ணு ஸ்வல்ப அந்த ஊஞ்சல் வரைக்கும் நடந்துட்டு வரட்டும். நடை எப்படின்னு பார்க்கணும். எங்கம்மா காலத்துலேர்ந்து எங்க வீட்டு வழக்கம்."

வால்டருக்கு முகம் சிவந்தது. ரோசலின் சிரித்தாள்.

"நடம்மா."

ஷெர்லி நடந்தாள். ஊஞ்சலருகே நிற்கவில்லை. கேட்டைத் தாண்டிப் போய் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

டேவிஸ் பதறி எழுந்தார். "பொண்ணு எங்கே போறா?"

"வீட்டுக்கு. திரும்பி வராதேன்னு நான்தான் சொல்லியிருந்தேன்."

"என்னம்மா இது, கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துறீங்களா?"

ரோசலின் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள்.

"என்னை அடையாளம் தெரியல, இல்ல? உங்கம்மா சொன்னாங்கன்னு இதே பார்க்குல நானும் நடந்தேன். ஊஞ்சலைத் தொட்டுட்டுத் திரும்பிப் பார்த்தா, நீங்களும் உங்கம்மாவும் போயாச்சு. பெஞ்சுல எங்கப்பா மட்டும் தலையைக் குனிஞ்சு உட்கார்ந்திருந்தார்."