ஆமை வாங்க வந்தவள்

கண்ணாடித் தொட்டியில் விளக்கின் பச்சை வெளிச்சம் அலைகிறது. கடல் தாண்டிப் பெட்டியில் வந்த ஆமைக்குஞ்சுகளில் செத்தவற்றைக் காலையிலேயே வாளியில் அள்ளி மூடியாயிற்று. மிச்சத்தில் துருதுருவென்றிருக்கும் ஒன்றை எடுத்துக் கடைக்காரர் நீட்ட, தாயின் இடுப்பிலிருக்கும் குழந்தை அதன் முதுகில் முத்தம் வைக்கிறது. “இதனால நோய் கீய் வந்துடாதேண்ணே?” என்று தாய் கேட்கிறாள். “என்னம்மா நீங்க! என் பொண்ணே நாள்பூரா இதுங்களோடதான் விளையாடுறா.” டப்பா எடுக்கப் போன கடைக்காரர் மனைவியின் கை அப்படியே நிற்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வந்திருக்கிறாள். புடவையில் இன்னும் மருந்து வாடை. ஆமையிடமிருந்து தொற்றிய கிருமி, அங்கே படுத்திருக்கும் மகளின் ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேதி நிற்கவில்லை, கண்ணைக்கூடத் திறக்க மாட்டேனென்கிறாள். “பாப்பா எங்க, காணோமே?” என்கிறாள் வந்தவள். “தூங்குறா,” என்கிறார் கடைக்காரர். மனைவி வாயைத் திறக்கிறாள். கணவர் ஒரு பார்வை பார்க்கிறார். அவள் டப்பா மூடியில் ஊசியால் காற்றுத் துளை போடுகிறாள். ஆமையை உள்ளே வைத்துக் குழந்தையின் கையில் கொடுத்து, கன்னத்தைக் கிள்ளிச் சொல்கிறாள்: “தினமும் உன் கையாலயே தீனி போடணும், என்ன கண்ணு?”