அரைஞாண் கயிறு

சிறை அறையில் இருளாண்டி தன் அரைஞாண் கயிற்றிலேயே தூக்குப் போட்டுக்கொண்டான் என்று அதிகாரி அறிக்கையைப் படித்துக் காட்டினார். “இதுக்கு அரசாங்கம் பொறுப்பாகாதும்மா. கேட்டுக்கிட்டேன்னு கையெழுத்துப் போடு.”

இருளாண்டியின் மனைவி செவ்வந்தி பேனாவைத் தொடவில்லை. “அவரு சாமானக் குடுங்க.”

அவனை உள்ளே அடைத்த அன்றே கழற்றி வாங்கி முத்திரை வைத்திருந்த பொட்டலத்தை எழுத்தர் பிரித்தார். பட்டியலை வாசித்தபடி ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். சட்டை. செருப்பு ஒரு ஜோடி. பிறகு, பழக்கதோஷத்தில், குரல் மாறாமல், “அரைஞாண் கயிறு, கறுப்பு, ஒன்று.”

அதிகாரியின் கை பாய்ந்து நீண்டது. அதற்குள் செவ்வந்தி கயிற்றைத் தன் மணிக்கட்டில் சுற்றிப் பல்லால் முடிச்சை இறுக்கியிருந்தாள்.

“இப்பப் பேனாவக் குடுங்க சார். கயித்த வாங்கிக்கிட்டேன்னு போடுறேன்.”