முன் பெஞ்சு நிறைந்த ஞாயிறு

ஒரு மாதா கோவிலில், ஞாயிறு வந்தாலே முன் பெஞ்சு காலியாகவே கிடக்கும். பூசைக்கு வருகிறவர்களெல்லாம் வாசலோரக் கடைசிப் பெஞ்சில்தான் நெருக்கியடித்து உட்காருவார்கள்.

"ஜனங்களோட பக்தி முன் பெஞ்சைப் பாத்தாலே தெரியுது. அடுத்த வாரமும் காலியா கெடந்தா கிடங்குல போட்ருங்க" என்று பங்குச் சாமியார் உபதேசியாரிடம் சொல்லிவிட்டார்.

"என்னக்கா மருந்து வைக்கிற, எல்லாரும் உன்கிட்டயே வர்றாங்க?" என்று கேட்டது முன் பெஞ்சு.

"நான் என்னத்தடி வச்சேன்? சாமியார் கண்ணு இங்க எட்டாது, அவ்வளவுதான்" என்றது கடைசிப் பெஞ்சு.

அடுத்த ஞாயிறு சாமியார், ஜனங்கள் முன்னால் வராவிட்டால் நாம் போவோம் என்று, பிரசங்கத்துக்கு வாசல் பக்கமே வந்து நின்றார். கடைசிப் பெஞ்சுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, குனிந்தபடியே ஓரமாக நடந்துபோய் முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள்.

சாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா உபதேசியாரே, முன் பெஞ்சே நிறைஞ்சிருச்சு. இப்பக் காலியா கெடக்கிறது கடைசிதான், அதைத் தூக்கிருங்க."

பூசை முடிந்து கிடங்குக்குப் போகும் வழியில் கடைசிப் பெஞ்சு முன் பெஞ்சிடம் சொன்னது: "வர்றேன்டி. பிரசங்கத்துல தூங்குறவங்களை மட்டும் எழுப்பிராத. அப்புறம் இவங்களும் வர மாட்டாங்க."