முதுகு சாய்க்க ஒரு சோபா

குளிர்நாட்டுக்குக் குடிபோன ஒரு குடும்பத்தின் வீட்டில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்று இருந்தது. கூடத்துக்கே தான்தான் ராஜா என்று அதற்கு நினைப்பு. ஒரு நாள் ஆட்கள் வந்து தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் பதித்துவிட்டுப் போனார்கள். தரை முழுக்க இதமான சூடு பரவியது. அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் தரையிலேயே உட்கார்ந்தார்கள், சாப்பிட்டார்கள், டிவி பார்த்தார்கள். சோபாவில் முதுகை மட்டும் சாய்த்துக்கொண்டார்கள்.

"என்ன அண்ணே, சுவராயிட்டீங்க?" என்றது பூனை, தரையில் மல்லாந்தபடி.

"சுவத்துலயாவது படம் மாட்டுவாங்க. என் மேல துவைச்ச துணியைக் குவிச்சு வச்சிருக்காங்க," என்றது சோபா. "இருக்கட்டும். குழாய்னா ஒரு நாள் மக்கர் பண்ணாமலா போகும்? அப்போ தெரியும் என் அருமை."

அந்த நாளும் வந்தது. தரை பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. சோபா ஸ்பிரிங்கையெல்லாம் இறுக்கி, நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தது. வீட்டம்மா வந்து துணிக்குவியலை அள்ளி ஓரமாக வைத்தாள். சோபாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஏங்க, தரை ஜில்லுங்குது. இந்த மூணு மெத்தையையும் உருவிக் கீழே போடுங்க," என்றாள்.

போட்டார்கள். உட்கார்ந்தார்கள். பழையபடி முதுகையும் சாய்த்துக்கொண்டார்கள்.

மெத்தைக்கு அடியில் எப்போதோ விழுந்து கிடந்த அரை முறுக்கும் ஒரு சீப்பும் வெளியே தெரிய, வெறும் பலகையாய் நின்ற சோபாவைப் பூனை மெத்தையிலிருந்து அண்ணாந்து பார்த்தது. "அண்ணே, குளிருதா?"

"அதை விடு," என்றது சோபா. "கொஞ்சம் முன்னாடி நெஞ்சை நிமிர்த்தினேன் பாரு, அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதே."