கன்னத்துச் சூடு

அம்மாவை லாரியில் ஏற்றிக்கொண்டு போன மூன்றாம் மாதம், லோட்ஸ் நகரத்து யூதர்களை அடைத்துவைத்திருந்த முள்வேலிக்குள், ஃப்ரூமெத் வயதுக்கு வந்தாள். பதினாறு நடந்துகொண்டிருந்தது. காலையில் உள்பாவாடையில் கறையைப் பார்த்தாள். சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை. பழந்துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, ஜெர்மன் ராணுவத்துக்குக் கோட் தைக்கும் கூடத்துக்கு வேலைக்குப் போனாள்.

பக்கத்துத் தையல் மிஷினில் இருந்த ஹிண்டே அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஏண்டி, யாரு உன்னைக் கன்னத்துல அறைஞ்சது?”

“யாரும் இல்லையே.”

“விரல் பதிஞ்சிருக்கு. மேஸ்திரியா? அந்தாளுக்குக் கையத் தூக்கவே தெம்பு கிடையாதே.”

“இல்லக்கா. இன்னிக்குத்தான் எனக்கு... முதல் தடவை.”

ஹிண்டே மிஷினை நிறுத்தினாள். பெண் வயதுக்கு வந்தால் தாய் அவள் கன்னத்தில் ஓர் அறை விட்டுத்தான் வாழ்த்துச் சொல்வாள். அதுதான் யூதர்கள் வழக்கம். ஹிண்டேயும் வாங்கியிருக்கிறாள்.

“உங்கம்மாவுக்குச் சுண்டுவிரல் பாதிதானே?”

“ஆமா. துணி வெட்டுற மிஷின்ல போயிடுச்சு.”

ஹிண்டே தன் விரல்களை அந்தச் சிவப்பின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். அவளுடைய சுண்டுவிரல் மட்டும் தடத்தைத் தாண்டி நீண்டு நின்றது. கையை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“சுடுதுடி,” என்றாள். “நல்லாருக்கு.”

கூடத்தில் கணப்பு அணைந்து பல நாளாகியிருந்தது. ஃப்ரூமெத் தலை குனிந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மற்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, விறைத்த விரல்களை அவள் கன்னத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு, தங்கள் இடத்துக்குத் திரும்பிப் போனார்கள்.