கண்ணாடியில் மாட்டிய அட்டை

ஆஸ்பத்திரி வாசலையொட்டி, சுவரோரமாக, சக்கர நாற்காலிப் படம் வரைந்த பார்க்கிங் இடம் காலியாக இருக்கிறது. மனைவி அதன் முன்னால் காரை நிறுத்திக் காத்திருக்கிறாள். இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடிக்கிறது. ஆயுசு முழுக்க லாரி ஓட்டிய கணவர் பக்கத்து சீட்டில், மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அனுமதி அட்டையை மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறார். பக்கவாதம் வந்த கால் மடங்காமல் நீண்டு கிடக்கிறது. "தூரமாப் போடு, நடந்துடுவேன்." "நடப்பீங்க. அப்புறம் ராத்திரி பூரா முனகுவீங்க." "பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?" "கால் முடியலன்னு நெனப்பாங்க. வேற என்ன?" பின்னால் ஹாரன் அலறுகிறது. அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. அவரைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. அவர் அட்டையைத் திருப்பி, தன் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். பிறகு கண்ணாடியில் மாட்டுகிறார். "சுவரை விட்டுத் தள்ளி நிறுத்து," என்கிறார். "என் பக்கம் கதவு முழுசாத் திறக்கணும்."